முப்பது முடிச்சு

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை இன்ஜின் ஆயில் மாற்றினால் போதும் என்று சொல்கிறவனை எனக்குப் பிடிக்காது. அவன் பொய் சொல்லவில்லை. வண்டியோடு வரும் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் நாலு வரி இருக்கிறது. புழுதியில் ஓடும் வண்டி, நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் இன்ஜின் ஓடும் வண்டி, இதற்கெல்லாம் பாதியிலேயே மாற்று என்று. அந்த நாலு வரியை நான் படிக்கவில்லை. மாரடைப்பு வந்த என் அண்ணனை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குக் கிளம்பிய அன்றுவரை படிக்கவில்லை.

நான் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் பிறந்தவன். நைனா இறந்த பிறகு படகு அண்ணனுக்குப் போயிற்று. நானும் எட்டு வருஷம் அதே படகில் போனேன். பிறகு விட்டுவிட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் சொல்வேன். மீன் இல்லை. இருந்தால் விட்டிருப்பேனா? செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் கார் வாங்கினேன். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டரிடம் ஓட்டச் சேர்ந்தேன். காலையில் பழவேற்காட்டில் நாலு பேரை ஏற்ற வேண்டும், அங்கே கொண்டுபோய் இறக்க வேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். நடுவில் சூப்பர்வைசர் சொல்கிற இடத்துக்கெல்லாம் போக வேண்டும்.

எங்கள் ஊர் அந்தத் துறைமுகத்தைப் பெரிதாக்கக் கூடாது என்று கத்திக்கொண்டிருந்த நேரம் அது. என் அண்ணன் முன்வரிசையில் நின்று கத்தினார். நான் அதே துறைமுகத்துக்குக் கார் ஓட்டினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அண்ணன் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருப்பேன். தெருவில் பார்த்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு, "இன்னா துறைமுகத்தாரே, கப்பல் வந்துச்சா?" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, "வந்துச்சுண்ணா, உன்னத்தான் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

அந்தக் காரில் உட்கார மாட்டேன் என்று அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை. ஆனால் உட்காரவில்லை. பொன்னேரியில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அண்ணியையும் பிள்ளைகளையும் என் காரில் அனுப்பிவிட்டு, பட்டு வேட்டியோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி வந்து இறங்கினார். வேட்டியில் யாரோ கொண்டுவந்த மீன் கூடையின் தண்ணீர் பட்டிருந்தது. அப்படியே போய்ப் பந்தியில் உட்கார்ந்தார்.

ஆயில் விஷயத்துக்கு வருகிறேன்.

படகு இன்ஜினுக்கு மீட்டர் கிடையாது. எத்தனை தூரம் போனது என்று யாருக்கும் தெரியாது. நீரோட்டத்துக்கு எதிரே ஒரு மணி நேரம் முக்கினாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் எங்கள் கரையில் வேறு ஒரு கணக்கு உண்டு. ஏரியில் எல்லோரும் எல்லா நாளும் வலை போட முடியாது. முறை வைத்துப் போக வேண்டும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்த நாளில் ஏரி, இல்லாத நாளில் கடல், இல்லையென்றால் வீடு. படகு எத்தனை முறை கிளம்பியதோ அதுதான் கணக்கு. வலை பின்னும் பச்சை நைலான் நூலில் ஒரு முழம் அறுத்து இன்ஜின் பெட்டியின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுவார்கள். படகு போய்விட்டு வந்தால் ஒரு முடிச்சு. முப்பது முடிச்சு விழுந்தால் ஆயிலைக் கழற்றி வேறு ஊற்ற வேண்டும். நூலை அறுத்துவிட்டுப் புது நூல் கட்ட வேண்டும். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. எல்லோரும் செய்வதில்லை. என் அண்ணன் தவறாமல் செய்வார். இருபத்தொன்பதிலும் மாற்றியிருக்கிறார், முப்பதிலும் மாற்றியிருக்கிறார். முப்பத்தொன்றை நான் பார்த்ததில்லை. கழற்றிய ஆயிலை ஏரியில் கொட்டவும் விடமாட்டார். கேனில் பிடித்து வைத்து நங்கூரத்துக்கும் இரும்புச் சாமானுக்கும் பூசுவார்.

கார் வாங்கிய புதிதில் வாசலில் நின்று அதைச் சுற்றிப் பார்த்தார். தொடவில்லை. ஆயில் எப்போது மாற்றுவாய் என்று கேட்டார். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று சொன்னேன். கண்ணாடியின் மூலையில் ஒர்க்‌ஷாப்காரன் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன். அடுத்த ஆயில் எந்தக் கிலோமீட்டரில் என்று அதில் எழுதியிருந்தது.

"அங்க போயி நாள் பூரா நிக்கிறியே. அது எந்தக் கணக்குல வரும்?" என்றார்.

"நிக்கும்போது மீட்டர் ஓடாதுண்ணா."

"மீட்டரு ஓடாது. இஞ்சினும் நின்னுக்குதா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. படகுக்கு மீட்டர் இல்லாததால்தான் நீங்கள் நூலைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், காருக்கு அதெல்லாம் தேவையில்லை, படித்தவன் செய்த சாமான் இது என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று நான் ஜெயித்ததாக நினைத்தேன்.

அவர் கேட்டது முழுக்கச் சரி. காட்டுப்பள்ளிக்குப் போகிற சாலையில் கன்டெய்னர் லாரிகள் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கேட்டுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே வண்டி நின்றுவிடும். நின்றால் ஒரு மணி நேரம். புழுதி ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். உள்ளே போன பிறகு சூப்பர்வைசர் இறங்க மாட்டார். பின்சீட்டில் உட்கார்ந்தபடி போனில் பேசுவார். ஏசியை நிறுத்தக் கூடாது. ஒரு நாள் நிறுத்திப் பார்த்தேன். "டிரைவர், நான் என்ன கருவாடா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. அவர் இறங்கிப் போன பிறகும், எந்த நேரம் வருவாரோ என்று ஓடவிட்டுக் காத்திருப்பேன். போக வர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். இன்ஜின் ஓடியதோ எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம். மீட்டர் ஐம்பதைத்தான் எழுதிக்கொள்ளும்.

முதல் பத்தாயிரத்தில் ஒழுங்காக மாற்றினேன். இரண்டாவது சுற்றில்தான் ஆரம்பித்தது.

முதலில் ஒரு சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டிக் டிக் என்று நாலைந்து விநாடி கேட்கும், பிறகு அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று விட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருப்பார். அந்த நாலைந்து விநாடியும் அவர் துலக்குவதை நிறுத்திவிடுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும். சத்தம் அடங்கிய பிறகுதான் வாயைக் கொப்பளிப்பார். தினமும் காலையில் இது நடந்தது.

பிறகு ஆயில் விளக்கு. கேட்டில் இரண்டு மணி நேரம் நின்று சூடாகிவிட்டால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். அதனால் நான் என்ன செய்தேன்? மிதித்தேன். விளக்கு வந்தால் மிதிப்பது என்று என் காலே பழகிக்கொண்டது. விளக்கை அணைத்தால் கோளாறு போய்விட்டது என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை என்றுதான் அன்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழவேற்காடு பஜாரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். படகு இன்ஜின், பைக், கார் எல்லாம் பார்ப்பார். ஒரு நாள் டயருக்குக் காற்று சரிபார்க்கப் போனபோது, தானே பானெட்டைத் திறந்து ஆயில் கம்பியை உருவினார். கம்பியில் ஆயில் வழியவில்லை. ஒட்டிக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் வழித்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"அண்ணே, இது ஆயில் இல்ல, அல்வா."

அளவு இருக்கிறதா என்று கேட்டேன். அளவு கொஞ்சம் கம்மி என்றார். அப்படியானால் அரை லிட்டர் ஊற்று என்றேன். ஊற்றக் கூடாது, முழுக்கக் கழற்ற வேண்டும், ஆயில் நிற்கும் அடிச்சட்டியையும் இறக்கிப் பார்க்க வேண்டும், ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போ என்றார். ஒரு நாள் வண்டி போகவில்லை என்றால் கான்ட்ராக்டர் அந்த முறையை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவான். கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. இன்னும் அறுநூறு கிலோமீட்டர் இருக்கிறது, சீட்டில் எழுதியிருக்கிற கணக்குக்கு வரட்டும் என்று சொன்னேன். பாய் பானெட்டைச் சத்தமாக மூடினார். அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு வந்தேன். பழைய அழுக்கின் மேல் புது ஆயில். அழுகின மீனின் மேல் புது ஐஸ் போட்ட மாதிரி. மீன்காரன் வீட்டில் பிறந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மழை விட்டு நான்காம் நாள். ஏரியில் புதுத்தண்ணீர் இறங்கி இறால் ஓட்டம் இருந்தது. அண்ணனின் குழுவுக்குப் பாடு வந்திருந்தது. முந்தின இரண்டு நாளாகவே அவருக்கு உடம்பு சரியில்லை. மாடியில்லாத வீட்டில் மாடி ஏறினவர் மாதிரி மூச்சு வாங்கினார். அண்ணி போகவேண்டாம் என்று சொன்னார். பாடு வந்த நாளில் வீட்டில் படுத்தால் அடுத்து எப்போது வரும் என்று அண்ணன் கேட்டுவிட்டுப் போனார். யோசித்துப் பார்த்தால் நான் பாயிடம் சொன்ன காரணமும் அதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே புத்தி. அவர் படகில், நான் காரில்.

அன்று எனக்குத் துறைமுகம் லீவு. காலை எட்டு எட்டரை இருக்கும். கரையிலிருந்து அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். படகை ஏற்றும்போது மணலில் உட்கார்ந்துவிட்டாராம். சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஏரித்தண்ணீர் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் வியர்வை. சில்லென்று இருந்தது. வாயுப் பிடிப்பு என்று ஒருவர் சொன்னார். யாரோ சோடா வாங்க ஓடினார்கள். அண்ணனின் இடது கை தாடையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி சோடாவைத் தட்டிவிட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். பக்கத்தில் எதுவும் இல்லை, வர முக்கால் மணி ஆகும் என்று பதில் வந்தது.

நான் காரை எடுத்தேன். அவர் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏறமாட்டேன் என்று சொல்லுவார் என்று பயந்தேன். சொல்லவில்லை. தலையைக் குனிந்து ஏறினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவர் அவ்வளவு சுலபமாக ஏறிய பிறகுதான் நிலைமை எனக்குப் புரிந்தது.

ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக். அன்று அது அடங்கவில்லை.

பின்சீட்டில் அண்ணன், அண்ணி மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. பழவேற்காட்டைத் தாண்டியதும் நான் மிதித்தேன். அந்தச் சாலையை நான் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன். மழையில் பெயர்ந்த பள்ளங்களில் விட்டு எடுத்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அண்ணி ஒரு சத்தம் போடுவார், அண்ணன் போடமாட்டார். நாலைந்து கிலோமீட்டர் போயிருப்போம். சிவப்பு விளக்கு வந்தது. கால் தானாக மிதித்தது. விளக்கு அணையவில்லை. இன்னும் மிதித்தேன். அணையவில்லை.

அப்போதுதான் சத்தம் மாறியது. டிக் டிக் என்பது டொக் டொக் என்று ஆனது. கதவைக் கையால் தட்டுகிற மாதிரி, அடியிலிருந்து.

"டேய்," என்றார் அண்ணன். கண்ணைத் திறக்கவில்லை.

"பேசாதண்ணா. வந்துட்டோம்."

"மேல்சத்தம் இல்லடா. அடியில இருந்து வருது." மூச்சு விட்டார். "ஆயில் ஏறல. நிறுத்து."

அண்ணி அவர் வாயைப் பொத்தினார். அவர் அந்தக் கையை விலக்கினார். "நிறுத்திட்டு ஊத்து. இல்ல, பூட்டிக்கும்."

என்னிடம் ஊற்ற ஆயில் இல்லை. பாயிடம் ஊற்றியது போக மிச்சமிருந்த அரை லிட்டர் கேன் வீட்டில் கழிவறைச் சுவர் மேல் இருந்தது. இருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். பொன்னேரி இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். போய்ச் சேர்ந்த பிறகு வண்டி நாசமாய்ப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். டொக் டொக் என்பது காரின் உள்ளே எங்கும் கேட்டது. நெஞ்சு வலிக்காரன் ஒருவன் பின்சீட்டில் படுத்துக்கொண்டு அதை எண்ணுகிறான். எண்ணினார். பிறகு ஒரு நாள் அண்ணி சொன்னார், அண்ணனின் விரல் தன் கையில் தட்டிக்கொண்டே இருந்ததாம், இன்ஜின் தட்டியதோடு சேர்ந்து.

இரண்டு பக்கமும் வயல், தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் இன்ஜின் பூட்டிக்கொண்டது. முன்னால் ஏதோ உடைகிற சத்தம். ஸ்டியரிங் இறுகியது. வண்டி கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. சாவியைத் திருப்பினேன். ஒரு க்ளிக். மறுபடி திருப்பினேன். க்ளிக். கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. வேறு ஒரு சத்தமும் இல்லை. பின்னால் அண்ணன் மூச்சு மட்டும்.

நான் சாலை நடுவில் நின்று கையை விரித்தேன். முதலில் வந்த கார் சுற்றிக்கொண்டு போனது. அடுத்த காரும் போனது. நடுச்சாலையில் வெறிபிடித்தவன் மாதிரி நிற்கிறவனுக்கு நானும் நிறுத்தியிருக்க மாட்டேன். ஒரு பைக் நின்றது. பைக்கில் எப்படி ஏற்றுவது? எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அண்ணி இருபது நிமிஷம் என்கிறார். பைக்காரர் எங்களோடு கடைசிவரை நின்றார், அவர் அரை மணி என்று சொன்னார். கடைசியில் எங்கள் கரையிலிருந்தே மீன் ஏற்றிக்கொண்டு வந்த லோடு ஆட்டோ நின்றது. ஐஸ் பெட்டிகளை ஒரு பக்கம் தள்ளி, மேலே தார்ப்பாய் விரித்து, அண்ணனைப் படுக்கவைத்தோம். தூக்கும்போது என் காதருகே அவர் வாய் வந்தது. ஏதாவது சொல்லுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வண்டியப் பூட்டிட்டு வா" என்றார். பூட்டவில்லை. கதவு திறந்தபடியே விட்டுவிட்டு ஏறினேன்.

பொன்னேரியில் ஊசி போட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னையில் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். உயிர் நின்றது. இதயத்தில் ஒரு பக்கம் செத்துவிட்டது, இனி அது முழுக்க இறைக்காது, கடல் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். அந்த அரை மணி நேரத்தில் எவ்வளவு போயிற்று என்று அவரிடம் கேட்டேன். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிஷமும் கொஞ்சம் போகும், எந்த நிமிஷத்தில் எது போனது என்று யாருக்குத் தெரியும் என்றார். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். நர்ஸ் என்னை வெளியே உட்காரச் சொன்னார்.

காரைக் கயிறு கட்டி பாய் இழுத்துக்கொண்டு போயிருந்தார். ஒரு வாரம் கழித்துப் போனேன். அடிச்சட்டி கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அதில் அடிப்பிடித்த குழம்பு மாதிரி கறுப்பாக, கரண்டியால் சுரண்டினால் வருகிற மாதிரி இருந்தது. ஆயிலை உறிஞ்சும் வடிகட்டியின் கண் முழுக்க அடைத்திருந்தது. ஆயில் சட்டியில் இருந்தது, மேலே ஏற வழி இல்லை. பாய் என்னிடம் ஒரு சின்ன பேரிங் துண்டைக் கொடுத்தார். தகடு தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது.

கிலோமீட்டர் இன்னும் ஆகவில்லையே என்று சொன்னேன். வாய் தானாகச் சொன்னது.

"கிலோமீட்டர விடுண்ணே. எத்தினி மணி நேரம் ஓடிச்சு?"

எனக்குத் தெரியவில்லை. எங்கும் அது எழுதியிருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து விரல் விட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு எட்டு மணி என்றாலும் ஆயிரம் மணிக்கு மேல் போயிற்று. படகு இன்ஜினாக இருந்தால் அண்ணன் அதற்குள் அஞ்சாறு தடவை மாற்றியிருப்பார்.

ஊரில் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி எல்லோரிடமும் ரோடு சரியில்லை, வண்டி பள்ளத்தில் விழுந்து நின்றுவிட்டது என்று சொல்லிவைத்திருந்தார். அண்ணன் அதை மறுக்கவில்லை. யாராவது ஒருத்தர் வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்ஜினை மறுபடி கட்டி ஓட்ட ஆரம்பித்தேன். அதே துறைமுகத்துக்குத்தான், வேறு ஒரு கான்ட்ராக்டரிடம். வேறு எங்கே போவது? இப்போது அண்ணன் வீட்டுப் பாட்டையும் அந்த வண்டிதான் பார்க்கிறது. முதல் நாள் காலை ஸ்டார்ட் செய்துவிட்டு நிமிர்ந்தேன். ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பியில் ஒரு முழம் பச்சை நூல் தொங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முடிச்சுப் போட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து கார் கிளம்பும் நாளெல்லாம் ஒரு முடிச்சு. முப்பது ஆனதும் நூலைக் கழற்றி என் காரின் பக்கக் கண்ணாடியில் கட்டிவிட்டுப் போய்விடுவார். நடந்து வர நாலு அடிதான். வந்து போனால் பத்து நிமிஷம் மூச்சு வாங்கும். அண்ணியிடம் கொடுத்தனுப்ப மாட்டார். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்காதது மாதிரி இருந்தார். அன்றே பாயிடம் போய் ஆயிலை மாற்றிவிடுவேன். பாய் சிரிப்பார், இதற்கு நீ ஆயில் கடையே வைத்துவிடலாம் என்பார். இந்தக் காரில் ஆயில் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று பாயும் சொன்னார், எனக்கும் தெரியும். முப்பதில் மாற்றினேன். மூன்று நூல் அப்படி முடிந்தது. வேறு எல்லாவற்றையும் பற்றி நாங்கள் பேசினோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான்காவது நூல் இருபத்திரண்டில் நின்றது.

முதலில் நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் மறந்திருப்பார் என்று விட்டேன். மறுநாளும் இருபத்திரண்டு. அதற்குப் பிறகு என் வீட்டுக் காலண்டரில் நான் கோடு போட ஆரம்பித்தேன். காலையில் ஸ்டார்ட் செய்வேன், ஜன்னலைப் பார்ப்பேன். நூல் அவர் கையில் இருக்கும். இரண்டு கட்டைவிரலும் அதை உருட்டிக்கொண்டிருக்கும். நான் தெருமுனை திரும்பும்வரை உருட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலம் வந்து எண்ணினால் இருபத்திரண்டு. அண்ணியைக் கேட்டேன். அவர் சத்தம் இல்லாமல் அண்ணனின் காலைக் காட்டினார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது. அது மேலே வரவே இல்லை. கையிலும் அப்படித்தான் என்றார். தூக்கத்தில் இரண்டு தலையணை போதவில்லை, மூன்று வைக்கிறேன் என்றார். வியாழக்கிழமை சென்னை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று துறைமுகத்துக்குப் போகவில்லை. கான்ட்ராக்டரிடம் வண்டி வராது என்று சொல்லிவிட்டேன். அவன் கத்தினான், நானும் கத்தினேன். பாயிடம் விட்டு ஆயிலைக் கழற்றினேன், சட்டியையும் இறக்கச் சொல்லிப் பார்த்தேன், வடிகட்டியையும் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. கழற்றிய ஆயிலில் கொஞ்சம் ஒரு டம்ளரில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டம்ளரைப் பார்த்ததும் கையை நீட்டினார். விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்தார். மெதுவாகத்தான் தேய்க்க முடிந்தது. விரல்கள் வீங்கிப் பழம் மாதிரி இருந்தன.

"இன்னும் உழைக்கும்டா இது. இன்னாத்துக்கு மாத்தின?"

"முப்பது ஆச்சுண்ணா."

அவர் ஜன்னலைப் பார்த்தார். நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்தே எண்ணினார், உதடு அசைந்தது. எண்ணி முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு உட்டுட்டனா?" என்றார்.

அண்ணி பழைய துணி எடுத்துவந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துணி கறுப்பாயிற்று. நூலை அறுக்கவா என்று நான் கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். புது ஆயில் ஊற்றியிருக்கிறது, டிக்கியில் இரண்டு லிட்டர் கேன் வைத்திருக்கிறேன். வண்டி போய்ச் சேரும்.